நகரவும் வேண்டும், நிற்கவும் வேண்டும்

கோவை

8 அடி நீளப் பிளைவுட் ஒன்றை டேபிள் சாவில் நெடுக்காக அறுக்க வேண்டுமானால் பிளேடுக்கு முன்னால் 8 அடி காலியாக இருக்க வேண்டும். அறுபட்டு வெளியே வரும் பலகைக்குப் பின்னால் இன்னொரு 8 அடி. தள்ளுகிற ஆள் நிற்க இடம் தனி. அப்படியானால் மிஷின் நிற்க வேண்டிய இடம் அறையின் நட்டநடு. தனிப் பட்டறை வைத்திருக்கிறவர்களுக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை. வீட்டு போர்டிகோவில் மரவேலை பார்க்கிற எனக்கு நட்டநடு என்பது பகலில் மட்டும் கிடைக்கும் இடம். சாயங்காலம் கார் வந்துவிடும். ரம்பத்துக்குக் கால் இருந்தால் போதாது, சக்கரமும் வேண்டும்.

சக்கர வண்டி செய்வது பெரிய வித்தை இல்லை. ஒரு பெட்டி அடித்து, நாலு மூலையிலும் கேஸ்டர் வீல் முடுக்கி, மேலே மிஷினை போல்ட் போட்டு இறுக்கினால் வண்டி ஆயிற்று. சிக்கல் எங்கள் ஊர் போர்டிகோ தரையில் இருக்கிறது. மழைத்தண்ணீர் கேட்டைப் பார்த்து ஓட வேண்டும் என்று கொத்தனார் வாட்டம் வைத்துத்தான் தரை போடுவார். வாட்டமான தரையில் சக்கரம் வைத்த எதுவும் சும்மா நிற்காது. பிரேக் போட்ட சக்கரம்கூட அதன் கழுத்தில் கொஞ்சம் ஆடும்.

ரம்ப வண்டியில் அந்த ஆட்டம் ஆபத்து. 10 அங்குல பிளேடு நிமிடத்துக்கு 4000 சுற்று சுற்றினால் அதன் பல் மணிக்குச் சுமார் 190 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. தள்ளுகிற பலகை சற்றே கோணி, பிளேடின் பின்பக்கப் பல்லில் மாட்டிக்கொண்டால், பயங்கர வேகத்தில் ஆளை நோக்கித் திரும்பி வரும். மரவேலைக்காரர்கள் கிக்பேக் என்று சொல்லி அஞ்சுவது இதைத்தான். அறுக்கும்போது வண்டி அரை அங்குலம் நகர்ந்தால் போதும், பலகை கோணிவிடும்.

கோவையில் எந்த அபார்ட்மென்ட் வேலை நடக்கிற இடத்துக்குப் போனாலும் ஒரு காட்சி பார்க்கலாம். கையில் பிடித்து அறுக்கும் சர்க்குலர் சாவை ஒரு பிளைவுட் துண்டுக்கு அடியில் கவிழ்த்து முடுக்கியிருப்பார்கள். பலகையின் கீறல் வழியாக பிளேடு மட்டும் மேலே தெரியும். மிஷினின் சுவிட்சை டேப் சுற்றி ஆனிலேயே வைத்துவிட்டு, சுவர் சுவிட்சில் ஓட்டுவார்கள். மூடி கிடையாது, பிளேடுக்குப் பின்னால் நிற்க வேண்டிய ரைவிங் நைஃபும் கிடையாது. அந்த ஆட்களின் கைநேர்த்தியை நான் மனதார மதிக்கிறேன். அந்த மேசையைப் பார்க்கும்போதெல்லாம் வயிற்றைப் பிசைகிறது. வேலை செய்கிறவனின் விரல் பத்தும் வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்பதுதான் ஒரு வண்டி செய்வதற்கு முதல் காரணமாக இருக்க வேண்டும்.

இந்த யோசனையோடும், நோட்டில் வரைந்த வண்டிப் படத்தோடும் கிளம்பினேன். கேரளத்தில் மரத்தோடு வாழ்கிற ஊர்கள் வழியாக ஒரு சுற்று. மே மாதம், நல்ல வெயில்.

குதிரான்

வாளையார் தாண்டியதும் காற்று மாறுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலை சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு வாயைத் திறந்து வைத்திருக்கும் இந்தக் கணவாய் வழியாகத்தான் எங்கள் ஊருக்குக் காற்றும், ஆனி ஆடிச் சாரலும் வருகின்றன. பாலக்காட்டுப் பனைமரங்கள் வரைக்கும் நம் ஊர்தான். குதிரான் மலையடியில், 2021இல் திறந்த குகைப்பாதைக்குள் நுழைந்து அந்தப் பக்கம் வெளியே வந்தால் பச்சை வேறு பச்சையாக இருக்கிறது. முன்பு இந்த ஏற்றத்தில் லாரிகள் மணிக்கணக்கில் முக்கிக்கொண்டு நிற்கும். மரம் ஏற்றிய லாரியின் பின்சக்கரத்துக்கு அடியில் கிளீனர் பையன் கட்டையைச் செருகிக்கொண்டே கூட நடப்பான்.

காலடியில் பெரியாற்றைக் கடந்தபோது ரப்பர் பால் வாசனை மூக்கில் ஏறியது. இந்தியாவில் வணிகத்துக்காக முதன்முதலில் ரப்பர் தோட்டம் போட்ட தட்டேக்காடு இங்கிருந்து கிழக்கே, இதே ஆற்றங்கரையில்தான். வருடம் 1902. பாலுக்காக வைத்த மரம், பால் வற்றிய பிறகு என்ன ஆகிறது என்பதைப் பார்க்கத்தான் பெரும்பாவூர்.

பெரும்பாவூர்

ஊருக்குள் நுழையும் முன்பே சாலையோரக் களங்களில் மரத்தோல் காய்கிறது. விரித்துப் போட்டிருக்கும் மெல்லிய தகடுகள், வெளிர் மஞ்சள் நிறம், ஒன்றரை மில்லிமீட்டர் இரண்டு மில்லிமீட்டர் தடிமன். நம் ஊரில் நெல் காயும் களத்தில் இங்கே மரம் காய்கிறது. பிளைவுட் கம்பெனிகள் இந்த ஊரையும் சுற்றுக் கிராமங்களையும் நிறைத்திருக்கின்றன.

பழைய நண்பர் ஒருவர் வழியாக ஒரு கம்பெனிக்குள் போக முடிந்தது. பட்டை உரித்த ரப்பர் உருளையை லேத்தில் மாட்டுகிறார்கள். உருளை சுற்ற, நீளமான கத்தி அதன் மேல் ஏறி உட்காருகிறது. மரம், சுருட்டி வைத்த பாயை விரிப்பதைப் போல, முடிவில்லாத ஒரே தகடாக வெளியே வருகிறது. கடைசியில் கைத்தடி கனத்துக்கு ஒரு தண்டு மிஞ்சும். அது பாய்லருக்குப் போகும். பச்சைத் தகடு கையில் ஈரமாக, ஜில்லென்று இருந்தது.

காய்ந்த தகடுகளை ஒன்றின் மேல் ஒன்றாக, ரேகை குறுக்கும் நெடுக்குமாக வரும்படி அடுக்குகிறார்கள். அடுக்கு எப்போதும் ஒற்றைப்படை. நடு அடுக்கின் இரண்டு பக்கமும் இழுவிசை சமமாக இருந்தால்தான் பலகை வில்லாக வளையாது. பசையில்தான் சாதி வித்தியாசம்: யூரியா பசை போட்டால் எம்.ஆர். ரகம், வீட்டுக்குள் வைக்கத்தான் லாயக்கு. ஃபீனால் பசை என்றால் பி.டபிள்யூ.ஆர்., கொதிக்கும் தண்ணீரையும் தாங்கும் என்று அதன் பெயரே உறுதி சொல்கிறது. சாரல் அடிக்கும் போர்டிகோவில் நிற்கப்போகிற வண்டிக்கு இரண்டாவதைத் தவிர வேறெதையும் வாங்கக் கூடாது. விலை வித்தியாசத்தைப் பார்த்து மயங்குகிறவர்கள் ஒரு மழைக்காலம் காத்திருந்தால் போதும்.

பிரஸ்ஸைப் பார்த்துக்கொள்கிற சூப்பர்வைசர் கம்பம் பக்கத்துக்காரர். சிறுவயதில் கூலி வேலைக்கு வந்தவர், இங்கேயே பெண் எடுத்து, வீடு கட்டி, பேச்சில் பாதி மலையாளமாகிவிட்டது. நோட்டை நீட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"சக்கரத்தை எங்க முடுக்கப் போறீங்க சார்?"

மூலையில் என்றேன். பக்கத்தில் கிடந்த ஒரு துண்டை எடுத்து அதன் வெட்டுமுகத்தைக் காட்டினார்.

"இந்த ஓரத்துல ஸ்க்ரூ போட்டா பிடிக்காது. அடுக்கு பிளந்துக்கும். முகத்துல துளை போட்டு, போல்ட்டை அந்தப் பக்கமா எடுத்து, பெரிய வாஷர் வச்சு முடுக்கணும். வெறும் ஸ்க்ரூவ நம்பி இவ்வளவு கனத்தை ஓட்டிக்கிட்டு திரியாதீங்க."

பிறகு விரல் முட்டியால் அந்தத் துண்டைத் தட்டிக் காட்டினார். நிறைந்த இடத்தில் ஒரு சத்தம், உள்ளே தகடு விட்டுப்போன இடத்தில் இன்னொரு சத்தம். கடையில் வாங்கும்போது ஒரு பலகையை முழுக்கத் தட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது என்றார். கம்பெனிக்காரர் ஒருவரே இப்படிச் சொல்லித் தந்தது எனக்கு மரியாதைக்குரிய விஷயமாகப் பட்டது.

ஞாயிற்றுக்கிழமையாக இருந்ததால் மதியத்துக்கு மேல் ஊர் வேறு ஊராகிவிட்டது. அசாம், வங்காளம், ஒடிசா என்று எங்கிருந்தெல்லாமோ வந்த பிள்ளைகள் வாரச்சந்தைக்குக் கூடுகிறார்கள். 'பாய் பஜார்' என்றே பெயர். செல்போன் கடை வாசலில் வங்காளி எழுத்து, தள்ளுவண்டியில் கடுகெண்ணெய் மணக்கும் மீன், பக்கத்திலேயே பரோட்டா. நானும் அங்கேயே சாப்பிட்டேன். கடுகெண்ணெய்க் காரம் கண்ணில் ஏறியது. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்த பையன் லேத்தில் வேலை செய்கிறவன். அவன் வலது கைச் சுட்டுவிரல் முதல் கணுவோடு நின்றுவிட்டிருந்தது. எப்படி என்று கேட்கத் தோன்றவில்லை. அவன் அதே கையால் சோற்றைப் பிசைந்து நிதானமாகச் சாப்பிட்டான்.

ஷொர்ணூர் முதல் நிலம்பூர் வரை

ஷொர்ணூர் ஜங்ஷனில் பழம்பொரியும் சாயாவும் முடித்து, நிலம்பூர் வண்டியில் ஏறியதும் மனசு லேசானது. 66 கிலோமீட்டர்தான். பாதையின் இரண்டு பக்கமும் மரங்கள் ஜன்னலை உரசுகின்றன. நிலம்பூர்க் காட்டு மரத்தை வெளியே கொண்டுபோக 1920களில் வெள்ளைக்காரர்கள் போட்ட தடம். இரண்டாம் உலகப்போர் சமயத்தில் இரும்புக்காகத் தண்டவாளத்தையே பெயர்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு திரும்பப் போட்டார்கள். அங்காடிப்புரம், மேலாற்றூர், வாணியம்பலம் என்று சின்னச் சின்ன ஸ்டேஷன்கள். பிளாட்பாரத்துக்குள்ளேயே ஆலும் தேக்கும் நிற்கின்றன. பொள்ளாச்சித் தடத்தில் போகும்போது தென்னையைத் தவிர வேறெதுவும் பார்க்கக் கிடைக்காத எனக்கு இந்த நிழல் பெரிய விருந்து.

நிலம்பூரில் இறங்கியதும் ஒரு தேக்குக் கொழுந்தைக் கிள்ளி விரலில் கசக்கினேன். மருதாணி இட்ட சிவப்பு. இரவு வரை போகவில்லை.

ஊருக்குச் சற்று வெளியே தேக்கு அருங்காட்சியகம். உள்ளே ஒரு தேக்கின் வேர்த்தொகுதியை முழுசாகத் தோண்டி எடுத்து வைத்திருக்கிறார்கள். மண்ணுக்குள் அது எத்தனை தூரம் பக்கவாட்டில் ஓடுகிறது என்பதைப் பார்த்தால், மேலே இருப்பது எப்படி நிற்கிறது என்பது புரியும். சாலியாற்றின் அக்கரையில் கனோலி பிளாட். மலபார் கலெக்டராக இருந்த எச்.வி. கனோலி 1840களில் தொடங்கிய தோட்டம். உலகத்திலேயே பழமையான தேக்குத் தோட்டம் என்று சொல்கிறார்கள். பிரிட்டிஷ் கப்பல்களுக்கு ஓக் மரம் தட்டுப்பாடாகிப்போனதால் தேக்கின் மேல் கண் விழுந்தது. கனோலி உத்தரவு போட்டார். ஆனால் விதையை முளைக்க வைக்கத்தான் யாருக்கும் தெரியவில்லை. தேக்கு விதையின் ஓடு அத்தனை கெட்டி. அதைச் சாதித்துக் காட்டி, தோட்டத்தை வளர்த்தவர் சாத்து மேனன் என்ற உள்ளூர் அதிகாரி. தோட்டத்துக்கு வாய்த்தது கனோலியின் பெயர். எனக்கென்னவோ அந்த மரங்களுக்கு நடுவில் நிற்கும்போது சாத்து மேனன் பெயரைத்தான் சொல்லத் தோன்றியது.

யானை இழுத்து, ஆறு சுமந்து, கோழிக்கோடு வரைக்கும் மிதந்துபோன மரம் இது. மரத்தைத் தேடி ரம்பம் காட்டுக்கு வரவில்லை, மரம்தான் ரம்பத்தைத் தேடிப் போனது.

நிலம்பூர் டவுனில் கட்டில் மேசை செய்யும் பட்டறை ஒன்றில் ஏறினேன். வயதான ஆசாரி. வார்ப்பிரும்பு மேசையோடு பழைய பெரிய ரம்பம், அதை சிமென்ட் மேடையில் போல்ட் புதைத்து நிறுத்தியிருந்தார். படத்தைப் பார்த்ததும் தலையை ஆட்டினார்.

"மெஷின் அவிடெ நிக்கட்டே. மரம் நடக்கட்டே."

நீளப் பலகை எப்படி என்று கேட்டேன். எழுந்துபோய்ச் சுவரில் ஒரு சின்ன மரக்கதவைத் திறந்தார். மேசை மட்டத்துக்குச் சரியாக, ஒரு முழம் அகலம், ஒரு சாண் உயரம். அறுபடும் பலகையின் முனை அந்த ஓட்டை வழியாக வெளியே தோட்டத்துக்குப் போய்விடும். ஆள் அங்கே நின்று வாங்கிக்கொள்வான். இப்படி ஒரு தீர்வை நான் எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை. இடம் இருந்தால் இதுதான் உத்தமம், சந்தேகமில்லை. எங்கள் போர்டிகோ சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டுச் சமையலறை என்று சொன்னேன். "எங்கில் சக்கரம் தன்னே" என்று ஒப்புக்கொண்டார். ஆனால் வண்டிக்கால்களுக்குத் தேக்கு போடாதே, அது வீண், கருவேலம் போதும் என்று சொல்லி அனுப்பினார். தேக்கு விற்கிற ஊரில் அந்தச் சொல் கிடைத்தது.

கல்லாயி

நிலம்பூரிலிருந்து கோழிக்கோட்டுக்கு பஸ் கீழிறங்கும் வழியில் சாலியாறு பல இடங்களில் கண்ணில் படுகிறது. கல்லாயிப்புழை வேறு ஆறு. ஆனாலும் சாலியாற்றில் வந்த மரம் கடைசியில் வந்து சேர்ந்த இடம் இதுதான். ஒரு காலத்தில் உலகத்தின் பெரிய மரச்சந்தைகளில் ஒன்று என்று பெயர் வாங்கிய ஊர். ஆற்றின் மேல் மரம் மரமாக மிதக்கும், ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு அதன் மேலேயே நடந்து போகலாம் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். இப்போது மரக்கட்டைகள் அங்கங்கே கொஞ்சம் ஊறிக்கிடக்கின்றன. தண்ணீர் கறுத்திருக்கிறது. காட்டில் மரம் வெட்டுவது நின்றது, வெளிநாட்டு மரம் துறைமுகங்களில் வந்து இறங்கியது, வீடுகளுக்கு இரும்பும் அலுமினியமும் வந்தன. மில்கள் ஒவ்வொன்றாக மூடின. காடு பிழைத்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். அந்த மில்களோடு போன கைப்பழக்கத்தை நினைத்தால் துக்கமாகவும் இருக்கிறது. இரண்டும் உண்மை.

இன்னும் ஓடுகிற மில்களில் ஒன்றில் ஒரு காலைப்பொழுது முழுக்க நின்றேன். ஓடு வேய்ந்த உயரமான கொட்டகை. நடுவில் ஆளுயரத்துக்கும் மேல் நிற்கும் பேண்ட் சா. மேலொரு சக்கரம், கீழொரு சக்கரம், அவற்றைச் சுற்றி ஓடும் பல் வைத்த பட்டை. அதன் பக்கவாட்டில் தரையில் இரண்டு தண்டவாளம், அதன் மேல் டிராலி. செயின் பிளாக்கில் தொங்கி வரும் உருட்டுக்கட்டையை டிராலியில் இறக்கி, இரும்புக் கொக்கிகளை அடித்து இறுக்குகிறார்கள். ஒருவர் திருகைச் சுற்றி எத்தனை அங்குலம் வேண்டுமோ அத்தனை வெளியே தள்ளி வைக்கிறார். மற்றவர் டிராலியைத் தள்ள, மரம் ரம்பத்துக்குள் போய் வருகிறது. முதல் சிராய்ப் பலகை விழுந்ததும் உள்ளே செம்மஞ்சள் வைரம் தெரிந்தது. எண்ணெய்ப் பசையும் தோல் மணமும் கலந்த தேக்கு வாசனை கொட்டகை முழுக்கப் பரவியது.

நான் பார்த்துக்கொண்டிருந்தது டிராலியின் சக்கரங்களை. கட்டையை இறக்கும் ஒவ்வொரு முறையும், தள்ளுகிறவர் குனிந்து, தண்டவாளத்துக்கும் சக்கரத்துக்கும் இடையில் ஒரு ஆப்பைக் காலால் தட்டிச் செருகினார். கட்டை அமர்ந்து, கொக்கி இறுகிய பிறகு அதே காலால் தட்டி எடுத்தார். ஆப்பு கறுத்து, முனை மழுங்கி, பளபளவென்று இருந்தது. கையைப் பயன்படுத்தவே இல்லை. கண்கள் ஒரு நொடியும் மரத்தை விட்டு விலகவில்லை.

சாயா வந்தபோது முதலாளி இக்காவிடம் கேட்டேன்: "இக்கா, டிராலிக்கு ஒரு பிரேக் வைக்கலாமே?"

அவர் தமிழ் நன்றாகப் பேசினார். திருப்பூரிலும் ஈரோட்டிலும் வாடிக்கைக்காரர்கள் இருந்த காலத்தில் படித்த தமிழ்.

"வைக்கலாம். பிரேக்குக்குள்ள ஒரு ஸ்பிரிங் இருக்கும், ரப்பர் இருக்கும். அது தேய்ஞ்சுதா இல்லையான்னு வெளியே தெரியாது. தெரியும்போது ஆளு விழுந்திருப்பான். ஆப்பு இருக்கா இல்லையான்னு இந்தா, இங்கேருந்தே காணலாம்."

படத்தில் நான் வரைந்திருந்தது நாலு சுழல் சக்கரம், நாலிலும் பிரேக். அதன் மேல் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டேன்.

கல்லாயிப் பாலத்தைத் தாண்டி வந்து கோழிக்கோட்டில் மதியம் சாப்பிட்டது கைமா அரிசிப் பிரியாணி. அரிசி சின்னது, மசாலா அடங்கியது, தேங்காய்ச் சம்மந்தி தொட்டுக்கொள்ள. பிறகு எலுமிச்சை பிழிந்த சுலைமானி. நம் ஊர்ப் பிரியாணியின் காரத்துக்குப் பழகிய நாக்கு முதல் இரண்டு கவளத்துக்கு எதையோ தேடியது, அப்புறம் தேடுவதை விட்டுவிட்டது. சாயங்காலம் அரிசிமாவு அடைத்து வேகவைத்த கல்லும்மக்காய். இந்த ஒரு பதார்த்தத்துக்காகவே நான் இன்னொரு முறை வருவேன்.

பேப்பூர்

கோழிக்கோட்டுக்குத் தெற்கே, சாலியாறு கடலில் கலக்கும் இடம் பேப்பூர். மலையாள எழுத்தாளர் பஷீர் வாழ்ந்த ஊர் என்பதால் தமிழ் வாசகர்களுக்கு இந்தப் பெயர் அந்நியமில்லை. ஆற்றங்கரையில் உரு கட்டும் களங்கள் இருக்கின்றன. அரபிக்கடலில் நூற்றாண்டுகளாக ஓடிய மரக்கப்பல். இப்போது வளைகுடாக்காரர்கள் சொகுசுக் கப்பலாகச் செய்துகொள்ளச் சொல்லி வேலை கொடுக்கிறார்கள், அதுவும் முன்போல இல்லை.

நான் போனபோது ஒரு உருவின் வயிறு எழுந்து நின்றது. அண்ணாந்து பார்க்க வேண்டிய உயரம். காகிதத்தில் வரைபடம் எதுவும் கிடையாது. முதலில் அடிமரம், பிறகு வெளிப்பலகைகளை ஓரத்தோடு ஓரம் சேர்த்து ஏற்றுகிறார்கள், உள்ளே விலா எலும்புகள் அதற்கப்புறம்தான். வாச்சியால் செதுக்கிக்கொண்டிருந்த ஒருவர், பலகையின் வளைவைக் கையால் தடவி, இன்னும் இரண்டு செதுக்கு செதுக்கி, மறுபடி தடவினார். சேர்ந்த இடத்தில் நகம் நுழையவில்லை.

களத்துக்கு வெளியே பெட்டிக்கடையில் கலாசி வேலை செய்து ஓய்ந்த பெரியவர் ஒருவர் இருந்தார். மாப்பிள்ளைக் கலாசிகள் என்றால் மலபாரில் தனி மரியாதை. பாரம் நகர்த்துவதில் அவர்களுக்கு இணை இல்லை. 1988 ஜூலையில் ஐலண்ட் எக்ஸ்பிரஸ் பெருமண் பாலத்திலிருந்து அஷ்டமுடிக் காயலில் விழுந்தபோது, தண்ணீருக்குள் கிடந்த பெட்டிகளை வெளியே எடுக்க இவர்களைத்தான் கூப்பிட்டார்கள். வடமும் கப்பியும் மரத்தில் செய்த சுழல் பொறியும் அவர்கள் கருவி. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்த விபத்து அது. அதைப் பற்றிக் கேட்டபோது பெரியவர் பேச்சை மாற்றிவிட்டார். நானும் விட்டுவிட்டேன்.

உரு எப்படிக் கடலுக்குப் போகிறது என்று கேட்டேன். அதற்கு மட்டும் உற்சாகமாகிவிட்டார். மேசையில் தீப்பெட்டியை வைத்து, அதன் கீழே இரண்டு தீக்குச்சிகளை உருளை மரமாக வைத்துக் காட்டினார். கட்டுகிற வருஷமெல்லாம் உரு மரக்கட்டைகளின் மேல்தான் அமர்ந்திருக்கும். தள்ள வேண்டிய நாள் வரும்போது மட்டும் நெம்பி உயர்த்தி, அடியில் உருளைகளைக் கொடுத்து, வடம் போட்டு, ஏலேலோ பாடி அங்குலம் அங்குலமாக இழுத்து வேலியேற்றத்தில் இறக்குவார்கள்.

"பணி கழியாதெ உருளு வைக்கருது" என்றார். வேலை முடியும் முன்னால் உருளையை அடியில் கொடுக்கக் கூடாது. கட்டுகிறவன் மேலே ஏறிச் சுத்தியலால் அடித்துக்கொண்டிருக்கும்போது பாரம் நிலத்தில் இருக்க வேண்டும்.

நோட்டை எடுத்தேன். தீக்குச்சிகள் இன்னும் மேசையில் இருந்தன. நாலு சக்கரத்தையும் அழித்துவிட்டு நாலு கால் வரைந்தேன். சக்கரங்களைப் பக்கத்தில் தனியாக, கீல் வைத்த ஒரு பலகையில் வரைந்தேன். மிதித்தால் சக்கரம் தரையைத் தொட்டு வண்டியைத் தூக்க வேண்டும். விட்டால் கால்கள் தரையில் உட்கார வேண்டும். மிதிபலகைச் சக்கரம் உலகத்துக்குப் புதிதில்லை, பல பட்டறைகளில் உண்டு. எனக்கு அது இங்கே, பேப்பூர் கள வாசலில், ஏன் வேண்டும் என்ற காரணத்தோடு கிடைத்தது. பெரியவர் படத்தைத் தன் பக்கம் திருப்பி, மிதிபலகைக்குப் பின்னால் விரலை வைத்து, "இவிடெ ஒரு தடை" என்றார். மிதித்த பலகை மேலே எழும்பாமல் தாங்க ஒரு அடைக்கட்டை. அதையும் வரைந்துகொண்டேன்.

மீண்டும் கோவை

வண்டி இப்போது ஓடுகிறது. கேட்டவர்களுக்காக அளவைச் சொல்கிறேன். அடித்தளம் 36 அங்குலம் நீளம், 24 அங்குலம் அகலம், 19 மில்லிமீட்டர் பிளைவுட் இரண்டை ஒட்டியது. மிஷின் மேசையோடு சேர்த்துத் தரையிலிருந்து 34 அங்குலம். கால்கள் இரண்டரை அங்குலச் சதுரம், கருவேலம். ஒவ்வொரு காலின் அடியிலும் ஒரு போல்ட்டும் நட்டும், தரையின் வாட்டத்துக்கு ஏற்ப ஏற்றி இறக்க. போர்டிகோவில் மிஷின் நிற்கும் இடத்தைப் பெயின்டால் குறித்து வைத்திருக்கிறேன். அந்த இடத்துக்கு ஒரு முறை ரசமட்டம் வைத்துச் சரிசெய்தால் போதும்.

சக்கரம் 4 அங்குலம், பாலியுரித்தேன். கடினமான நைலான் சக்கரம் தரை ஓட்டின் ஒவ்வொரு இணைப்பிலும் தடதடக்கும். எத்தனை கிலோ தாங்கும் சக்கரம் வாங்குவது என்ற கணக்கில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேடுபள்ளத் தரையில் நாலு சக்கரத்தில் ஒன்று எப்போதும் சற்றே அந்தரத்தில் இருக்கும். அதனால் மொத்த எடையை மூன்றால் வகுத்துத்தான் வாங்க வேண்டும். மிஷின் சுமார் 25 கிலோ, வண்டி 45 கிலோ. ஒரு சக்கரம் 50 கிலோ தாங்கினால் தாராளம்.

பின்பக்கம் கீல் வைத்த 2 அடி மடக்குப் பலகை. அது மிஷின் மேசையைவிட 2 மில்லிமீட்டர் தாழ்வாக இருக்கட்டும். சமமாக வைக்கப் பார்த்து ஒரு மயிரிழை உயர்ந்துவிட்டால், வெளியே வரும் பலகை அதில் முட்டி நிற்கும், பிளேடு ஓடிக்கொண்டிருக்கும். வயர் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு, 15 ஆம்பியர் பிளக். தள்ளுகட்டையைக் கயிற்றில் கட்டி வண்டியிலேயே தொங்கவிட்டிருக்கிறேன். தேடினால் கிடைக்காத பொருளை யாரும் பயன்படுத்த மாட்டார்கள்.

இரண்டு பக்க மிதிபலகைகளுக்கும் சிவப்பு பெயின்ட். சுவிட்சைத் தொடும் முன் அந்தச் சிவப்பு மேலே மடங்கியிருக்கிறதா என்று நின்ற இடத்திலிருந்தே பார்த்துவிடலாம். இக்காவின் ஆப்பு அப்படித்தான் வேலை செய்கிறது.

எட்டடிப் பலகையை முதன்முதலாக அறுத்தபோது வண்டி அசையவில்லை. பக்கவாட்டில் தோளைக் கொடுத்துத் தள்ளிப் பார்த்தேன், அப்போதும் அசையவில்லை. ஒரு மிதி இந்தப் பக்கம், ஒரு மிதி அந்தப் பக்கம், சுவரோரம் போய்விட்டது.

படங்களைப் பெரும்பாவூருக்கு அனுப்பினேன். கம்பத்துக்காரர் உடனே போன் செய்தார். பாராட்டை ஒரு வரியில் முடித்துக்கொண்டு, பலகையின் வெட்டுமுகத்துக்கெல்லாம் பெயின்ட் அடித்தாயிற்றா என்று கேட்டார். முகத்தில் விழும் தண்ணீர் வழிந்துவிடும், ஓரத்தில் விழுவது அடுக்குக்குள் ஏறும், பி.டபிள்யூ.ஆர். என்றாலும் அடிக்கத்தான் வேண்டும் என்றார். மூன்று பக்கம் அடித்துவிட்டேன். கால்களுக்கு நடுவில் அடிப்பக்க ஓரம் பாக்கி இருக்கிறது, வண்டியைச் சாய்த்துத்தான் அடிக்க முடியும். வாளையார்ப் பக்கம் மேகம் கூடத் தொடங்கிவிட்டது, இந்த வாரத்துக்குள் முடித்தாக வேண்டும்.